அயர்லாந்திலிருந்து அடையாறு வரை: மார்கரட் கசின்ஸ் அம்மையார்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரிலே அதிபர்களின் வரலாறும் ஆசிரியைகளின் நினைவுகளும் இடம்பெறுவது வழமை. அவற்றோடு, எமது பாடசாலையில் ஒரு நாளேனும் கற்பித்திராத ஒரு பெண்மணியின் வாழ்க்கையையும் இங்கே தர விரும்பினோம். அவர் பிறந்தது அயர்லாந்தில். கண்மூடியது சென்னை அடையாற்றில். இடையிலே இரண்டு நாடுகளின் பெண்களுக்காக மூன்று சிறைகளில் இருந்தார். எமது சங்கம் தொடங்கிய அதே காலத்தில், அக்கரையில் பெண்களின் கல்விக்காகவும் வாக்குரிமைக்காகவும் சங்கங்களைக் கட்டி எழுப்பியவர் அவர். இன்று எம்மில் பாதிப் பேருக்கு மேல் பிறந்த மண்ணை விட்டு வெளியே வாழ்கிறோம். ஆகவே வேற்று மண்ணில் வாழ்ந்து தொண்டு செய்த ஒருத்தியின் கதை எமக்குப் பொருத்தமானது என்றே எண்ணுகிறோம்.

முதலில் அவருடைய நாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அயர்லாந்து பிரித்தானியாவின் அயல் தீவு. அதுவே பிரித்தானியாவின் மிகப் பழைய குடியேற்றமும் ஆகும். 1845ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் இறந்தனர். இன்னும் பத்து இலட்சம் பேர் அளவில் கப்பலேறினர். 1841இல் எண்பது இலட்சத்துக்கு மேலிருந்த குடித்தொகை 1911இல் ஏறத்தாழ நாற்பத்துநான்கு இலட்சமாகக் குறைந்துவிட்டது. போனவர்கள் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மட்டும் போகவில்லை. பேரரசின் படையிலும் உத்தியோகத்திலும் சேர்ந்து கீழைத்தேயங்களுக்கும் வந்தனர். 1830ஆம் ஆண்டளவில் பிரித்தானியப் படையில் பத்துப் பேரில் நால்வர் ஐரிஷ்காரர்.

எமது தீவுக்கும் அவர்கள் வந்தார்கள். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய தேசாதிபதி பிரவுன்றிக் அயர்லாந்தின் விக்லோவைச் சேர்ந்தவர். இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதிய குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் பெல்பாஸ்ற் நகரத்தவர். பஞ்சாபில் 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது அம்மாகாணத்தை ஆண்ட மைக்கல் ஓ'ட்வையரும் ஐரிஷ்காரரே. மறுபக்கத்தில், பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க வந்த கன்னியாஸ்திரிகளும் அந்நாட்டிலிருந்து வந்தவர்கள்தாம். 1841இல் கல்கத்தாவுக்கு லொறேற்றோ சபையினரும், 1842இல் சென்னைக்குப் பிரசன்ரேசன் சபையினரும் அயர்லாந்திலிருந்து வந்து பாடசாலைகள் தொடங்கினர். ஒடுக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொரு நாட்டை ஒடுக்கவும் துணைபோனார்கள், உயர்த்தவும் பாடுபட்டார்கள். மார்கரட் அம்மையார் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதே அவருடைய வாழ்க்கை.

மார்கரட் எலிசபெத் கில்லஸ்பி 1878ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி றொஸ்கொமன் பகுதியிலுள்ள பொயில் என்னும் சிறு நகரில் பிறந்தார். மெதடிஸ்த குடும்பம். பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில் அவரே மூத்தவர். மூத்த பெண் பிள்ளையின் பொறுப்புகள் எவையென்று எம்மில் மூத்தவர்களாகப் பிறந்தோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரின் நடுவே கொனற் படையணியின் பாளையம் இருந்தது. இந்தியாவுக்குப் போகும் ஐரிஷ் இளைஞர் பலர் அங்கேதான் படையில் சேர்ந்தனர்.

மார்கரட்டுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. டெரி நகரில் இருந்த பெண்கள் உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தார். பின்னர் 1898இல் டப்ளின் சென்று இசைக் கழகத்தில் பயின்று, 1902இல் அயர்லாந்தின் றோயல் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைப் பட்டம் பெற்றார். பியானோவில் தேர்ச்சி மிக்கவர். அடுத்த ஆண்டு பெல்பாஸ்றைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான ஜேம்ஸ் கசின்ஸ் என்பவரை மணந்தார். இருவரும் மரக்கறி உணவுக்காரர்கள். பிரமஞான சபையின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர்கள். இந்தியாவைப் பற்றிய முதல் அறிவும் ஆசையும் அந்த வழியாகவே அவர்களுக்கு வந்தன.

1906இல் மான்செஸ்ரரில் நடந்த பெண்கள் மாநாடு ஒன்றுக்குச் சென்று வந்த பிறகு, பெண்களின் வாக்குரிமையே மார்கரட்டின் முழுநேர வேலையாயிற்று. 1908இல் ஹனா ஷீஹி ஸ்கெவிங்ற்றனோடும் இருவருடைய கணவர்மாரோடும் சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். இலண்டனில் இருந்த பெரிய சங்கத்தின் கிளையாக இருக்க அவர்கள் விரும்பவில்லை. அயர்லாந்தின் பெண்களுக்கு அயர்லாந்திலேயே ஒரு சங்கம் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஊர் ஊராகச் சென்று சந்தைகளிலும் தெருமுனைகளிலும் பேசினார்கள். அழுகிய முட்டையும் கூச்சலும் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு.

1910 நவம்பரில் இலண்டனில் நடந்த பெரும் போராட்டத்துக்கு டப்ளினிலிருந்து சென்ற பெண்களில் மார்கரட்டும் ஒருவர். டவுனிங் வீதியில் அமைச்சர்களின் வீட்டு யன்னல்களுக்கு உடைந்த பூச்சட்டி ஓடுகளை எறிந்தார். ஹொலோவே சிறையில் ஒரு மாத மறியல் கிடைத்தது. இசைப் பட்டதாரி ஒருத்தி யன்னலுக்குக் கல்லெறிவதா என்று இன்று எமக்கும் தோன்றலாம். மனுக்கள் எழுதி, மகஜர்கள் கொடுத்து, பல்லாண்டு காத்திருந்த பின்னரே அந்தப் பெண்கள் ஓடுகளைக் கையில் எடுத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்து வந்த சோதனை இன்னும் கடினமானது. அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் சட்டமூலம் 1912இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. மார்கரட்டும் தோழிகளும் சுயாட்சியை மனதார விரும்பியவர்கள். ஆனால் அந்தச் சட்டமூலத்தில் பெண்களுக்கு வாக்கு இல்லை. வாக்குரிமையைச் சேர்க்க வந்த திருத்தத்தை ஐரிஷ் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். நாட்டின் விடுதலைக்கு இடையூறு வரக்கூடாது, பெண்களின் காரியத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர்களின் வாதம். முதலில் நாடு, பிறகு பெண்கள் என்ற இந்தப் பேச்சு அயர்லாந்துக்கு மட்டும் உரியதல்ல. அதை நாமும் கேட்டிருக்கிறோம்.

1913 சனவரியில் மார்கரட் வேறு சில பெண்களோடு டப்ளின் கோட்டையின் யன்னல்களை உடைத்தார். பிரித்தானிய ஆட்சியின் தலைமைப்பீடம் அது. மீண்டும் ஒரு மாத மறியல். துல்லாமோர் சிறையில் தம்மை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் எனக் கோரி உண்ணாவிரதம் இருந்தார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டது.

அதே ஆண்டில் கணவனும் மனைவியும் டப்ளினை விட்டு லிவர்பூலுக்குப் போனார்கள். 1915இல் அன்னி பெசன்ற் அம்மையாரின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவருடைய 'நியூ இந்தியா' பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை. அன்னி பெசன்ற் இலண்டனில் பிறந்தவராயினும் அவருடைய உடலில் ஓடியது பெரும்பாலும் ஐரிஷ் இரத்தம். இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயரே அயர்லாந்திலிருந்து வந்தது. 1916இல் டப்ளினில் உயிர்த்த ஞாயிறு எழுச்சி வெடித்தது. அதைப் புகழ்ந்து ஜேம்ஸ் எழுதிய கட்டுரையால் அவருடைய வேலை போயிற்று. அரசின் கண்காணிப்பில் இருந்த பத்திரிகைக்கு அக்கட்டுரை ஆபத்தானது. அதன்பின் மதனப்பள்ளியில் இருந்த பிரமஞான சபைக் கல்லூரியில் ஜேம்ஸ் ஆசிரியரானார். மார்கரட்டும் அங்கே ஆங்கிலமும் இசையும் கற்பித்தார். ஊர்ப் பெண்களைச் சிறு சங்கமாகக் கூட்டத் தொடங்கினார்.

1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாயிற்று. அன்னி பெசன்ற் தலைவி. மார்கரட்டும் டொறதி ஜினராஜதாசவும் அதன் தூண்கள். டொறதி அம்மையாரின் கணவர் எமது இலங்கையில் பிறந்த பிரமஞான சபைப் பெரியார் ஜினராஜதாச. சங்கத்தின் கிளைகள் தென்னாட்டின் பல ஊர்களில் தோன்றின. எழுத்து, தையல், முதலுதவி, பேச்சு எனப் பெண்கள் கூடிக் கற்றார்கள். 'ஸ்திரீ தர்மம்' என்ற சஞ்சிகை ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் செய்தி தாங்கி வந்தது.

அதே ஆண்டு இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மொன்ரேகு அரசியற் சீர்திருத்தம் பற்றிக் கருத்தறிய இந்தியா வந்தார். பெண் கல்வியைப் பற்றி அவரிடம் முறையிட மார்கரட் அனுமதி கேட்டு எழுதினார். அரசியல் விடயம் பேசுவோரை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் எனப் பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று தோழிகளோடு கலந்து பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற கோரிக்கையை எழுதிச் சேர்த்தார். 1917 டிசெம்பர் 18ஆம் திகதி சென்னையில் அந்தத் தூதுக்குழு அமைச்சரைச் சந்தித்தது. அதற்குத் தலைமை தாங்கிப் பேசியவர் சரோஜினி நாயுடு. கடிதங்களை எழுதி ஓடியாடிய மார்கரட் பின்வரிசையிலே நின்றார். வாக்குரிமைப் போராட்டத்தில் இரண்டு முறை சிறை சென்ற ஒருத்தி முன்னால் நிற்க உரிமை உண்டு என்று நினைத்திருக்கலாம். அவர் அவ்வாறு நினைக்கவில்லை.

இலண்டன் உடனே இணங்கவில்லை. இந்தியப் பெண்களின் நிலை இன்னும் பக்குவப்படவில்லை என்று ஆராயவந்த குழு கூறியது. முடிவு மாகாணச் சபைகளிடம் விடப்பட்டது. 1921இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்கு வழங்கியது. ஆயினும் சொத்துத் தகுதி இருந்தமையால் வாக்குப் பெற்றவர்கள் மிகச் சிலரே. 1926இல் பெண்கள் வேட்பாளராக நிற்கவும் இடம் கிடைத்தது. அந்த முதல் தேர்தலிலே கமலாதேவி சட்டோபாத்தியாயா என்ற இளம்பெண்ணைப் போட்டியிடத் தூண்டி, ஊர் ஊராக அவரோடு சென்றவர் மார்கரட். கமலாதேவி மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்த வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவராகவும் தெரிவானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் கொண்டுவந்த சட்டமூலத்துக்குப் பின்னால் இந்த மாதர் சங்கம் நின்றது.

இதனிடையே மங்களூரில் தொடங்கப்பட்ட தேசியப் பெண்கள் பாடசாலையின் முதல் அதிபராக மார்கரட் பணியாற்றினார். சைதாப்பேட்டையில் கௌரவ நீதவானாகவும் நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அந்தப் பதவியைப் பெற்ற முதற் பெண் அவரே என்பர். சிறைக் கம்பிக்குப் பின்னால் இருந்தவர் நீதி ஆசனத்தில் அமர்ந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1919 பெப்ரவரியில் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு இரவீந்திரநாத தாகூர் வந்து தங்கினார். அப்போது கவிஞர் பாடிக் காட்டிய ஜன கண மன பாடலின் இசையை மேலைத்தேயச் சுரக் குறியீட்டில் எழுதிவைத்தவர் மார்கரட். 1950இல் அது இந்தியாவின் தேசிய கீதமாயிற்று. டப்ளினில் பெற்ற இசைப் பட்டம் அங்கே பயன்பட்டது.

1926இல் பெண் கல்வியின் தேவைகளைப் பெண்களே கூடி ஆராய வேண்டும் என்று நாடெங்கும் உள்ள கல்விமான்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் மார்கரட் கடிதங்கள் எழுதினார். அதன் விளைவாக 1927 சனவரியில் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. பரோடா மகாராணி சிம்னாபாய் தலைமை தாங்கினார். பாடசாலைக்குப் போகும் வயதில் திருமணம் நடந்தால் பெண் பிள்ளை எப்படிப் படிப்பாள் என்ற கேள்வி எழுந்தது. ஆகவே கல்வி மாநாடாகத் தொடங்கியது பால்ய விவாகத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தது. 1929இல் அதற்கான சாரதா சட்டம் நிறைவேறியது. 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கியதும் இம்மாநாட்டின் முயற்சியே.

1931 சனவரியில் லாகூரில் அனைத்து ஆசியப் பெண்கள் மாநாடு நடைபெற்றது. அதைக் கூட்டுவதில் முன்னின்றவரும் மார்கரட்டே. பர்மா, யப்பான், பாரசீகம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளோடு எமது இலங்கையின் பெண்களும் அங்கே சென்றிருந்தனர். அதே ஆண்டில்தான் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கையில் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றனர். முதல் அரசாங்க சபைக்கு அடுத்தடுத்து அடலின் மொலமூறே, நேசம் சரவணமுத்து ஆகிய இரு பெண்கள் தெரிவாகினர். ஆனால் முழுச் சுயாட்சி தராத திட்டம் என்று வடக்கில் நான்கு தொகுதிகளில் தேர்தல் புறக்கணிக்கப்பட்டது. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. ஆகவே எமது பாட்டிமார் பலருக்குக் கையில் வந்த வாக்கைப் போட மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. புறக்கணித்தவர்கள் நாட்டுப்பற்று உள்ளவர்களே. நாடு முதலா, பெண்ணின் உரிமை முதலா என்று 1912இல் டப்ளினில் எழுந்த கேள்வி எமது வாசலுக்கும் வந்துபோனது என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

1932 டிசெம்பரில் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பகிரங்கமாகப் பேசியதற்காக மார்கரட் கைதானார். ஓராண்டு மறியல் தண்டனை பெற்று வேலூர்ப் பெண்கள் சிறைக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 54. இலண்டன், துல்லாமோர், வேலூர் என்று மூன்று சிறைகள். இந்தியாவில் இருந்த ஐரிஷ்காரர் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை என்று முன்னர் சொன்னோம். 1920இல் பஞ்சாபின் ஜலந்தரில் கொனற் படையணியின் ஐரிஷ் போர்வீரர், தம் நாட்டில் பிரித்தானியப் படை செய்யும் கொடுமைகளைக் கேள்வியுற்று ஆயுதத்தைக் கீழே வைத்தனர். ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர் அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் ஊரில் பாளையமிட்டிருந்த அந்தப் படையணியின் வீரர்கள் அயர்லாந்துக்காக மறுத்தது போல, மார்கரட் இந்தியாவுக்காக மறுத்தார்.

அவருடைய பணியில் குறைகள் இல்லாமலில்லை. மாதர் மாநாட்டில் கூடியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, வசதியான வீட்டுப் பெண்கள். வயலிலும் ஆலையிலும் உழைத்த பெண்களின் குரல் அங்கே குறைவாகவே ஒலித்தது. பழைய இந்தியாவில் பெண்கள் பொற்காலம் கண்டார்கள் என்று அவர் எழுதியது முழு உண்மையாகாது. சாதிக் கொடுமையை அந்தப் பார்வை மறைத்துவிடும். தூரத்திலிருந்து வந்து நேசிப்பவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு.

ஆனாலும் நாம் அவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. முப்பதுகளில் இந்தியப் பெண் தலைவர்கள் பலர் முன்னுக்கு வந்தபோது, தாம் முன்னின்று நடத்துவது இனித் தேவையில்லை, விரும்பப்படுவதும் இல்லை என்று மார்கரட் உணர்ந்தார். அதைத் தம் வாழ்க்கை வரலாற்றிலே மறைக்காமல் எழுதியும் வைத்தார். தாம் வித்திட்ட மாதர் மாநாட்டுக்கு 1936இல்தான் அவர் தலைவியானார். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் மற்றவர்கள் தலைமை தாங்கக் கூடவே நின்று வேலை செய்தார்.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து எமது சங்கக் கிளைகள் பாடசாலைக்குச் செய்துவரும் உதவி பெரிது. கட்டடமும் கணினியும் புலமைப்பரிசிலும் அந்தக் கைகளிலிருந்து வந்தவை. கொடுப்பவர்களுக்கு இன்னது செய்யுங்கள் என்று சொல்லும் ஆசையும் கூடவே வரும். இங்கே இருப்பவர்களுக்கு அது சில வேளை மனத்தாங்கலாகும். அங்கிருந்தும் இங்கிருந்தும் சேர்ந்து இதை எழுதும் நாம் இரண்டையும் அறிவோம். தூரத்தில் இருப்பதால் அன்பு குறைவதில்லை. ஆனால் வகுப்பறையில் நிற்பவளுக்கே எது முதலில் வேண்டும் என்று தெரியும். முன்னால் நிற்பதையும் பின்னால் நிற்பதையும் ஒரே மனத்தோடு செய்த ஒருத்தியை நினைத்துக்கொள்வது இரு பக்கத்தாருக்கும் நல்லது.

நாற்பதுகளில் மார்கரட்டைப் பாரிசவாதம் தாக்கியது. பின்னர் எழுந்து நடமாட முடியவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1950இல் வெளிவந்தது. கையில் பணம் சேர்த்தவர்கள் அல்லர். சென்னை அரசாங்கமும் பிரதமர் நேருவும் பண உதவி செய்தனர். 1954 மார்ச் மாதம் அடையாற்றில் அவர் காலமானார். ஜேம்ஸ் இரண்டு ஆண்டுகளின் பின் மதனப்பள்ளியில் காலமானார்.

மார்கரட் மறைந்து மூன்று மாதங்களில், அதே அடையாற்றில், வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டியின் அயராத முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. அதற்குப் பணம் சேர்த்தது 1917இல் அந்தச் சில பெண்கள் கூடித் தொடங்கிய இந்திய மாதர் சங்கம். அந்த மருத்துவமனையின் பெயரோடு இன்றும் டபிள்யூ. ஐ. ஏ. என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன. எமது ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் நோயோடு கடல் கடந்து அந்த வாசலுக்குப் போயிருக்கிறார்கள். எம்மில் சிலருடைய தாய்மாரும் சகோதரிகளும் அவர்களுள் அடங்குவர். அந்த மூன்று எழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன என்று அப்போது விசாரிக்க எவருக்கும் நேரமிருந்திராது. இப்போது சொல்லி வைக்கிறோம்.